தர்ப்பைக்குத் தலையாய் வைத்த தேங்காய்

இதை எழுதவென்று கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டு மூடி வைத்துப் பல வருடங்கள் போய்விட்டன. சுழிக்குக் கீழே ஒரு சொல்லும் வரவில்லை. இதில் வருகிற ஒரு மனிதர் உயிரோடு இருந்தார். தான் கண்மூடும் மட்டும் இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். போன பங்குனியில் அவர் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. இனி நான் ஒருவருக்கும் கடமைப்பட்டவன் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் இந்தக் கதையை எனக்கே சொன்னார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையில் அம்மன் வந்து ஆடினாளாம். தேங்காய் தானாய்ப் பிளந்ததாம். கடலில் போன தகப்பன் அடுத்த வெள்ளிக்கிழமை நீந்திக் கரையேறினாராம். சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். அது நடந்த முற்றத்தில் நான் நின்றவன். இலையை மூடிவிட்டு எழும்பினேன். நான் அம்மனை நம்புகிறவன், விளக்கு வைக்காமல் ஒரு நாள் இருந்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அம்மன் வரவில்லை. தகப்பனும் வரவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சாதாரணதரப் பரீட்சையோடு நிறுத்தி, தெற்கே ஒரு பட்டணத்தில் எங்கள் தீவார் வைத்திருந்த பலசரக்குக் கடையில் நிற்கப் போனேன். எண்பத்து மூன்று ஆடியில் அந்தக் கடைக்கு நெருப்பு வைத்தார்கள். முதலாளியின் மருமகனை முன்கதவால் இழுத்தெடுத்தார்கள். நான் பின்வளவில் கக்கூசுக்குள் நின்று அவர் குரலைக் கேட்டேன். முதலில் அவர்களுடைய மொழியில், ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கெஞ்சினார். எல்லாரும் கடைக்கு வந்து போகிறவர்கள்தானே, பெயர்கள் அவருக்குத் தெரியும். பிறகு பெயர்கள் நின்றுவிட்டன, சத்தம் மட்டும் வந்தது. பிறகு எண்ணெய்ப் பீப்பாய்கள் வெடித்தன. தப்பினவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஊர் என்றால் யாழ்ப்பாணத்துத் தீவில் சரவணைக்கு அங்கால், கடல் பக்கம். புகையிலைத் தோட்டமும் பனையும்தான். எங்கள் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகமெடுத்துப் படிக்க, பக்கத்தில் இருக்கிற இன்னொருவர் ஊர்ச்சனத்துக்கு விளங்கும்படி அதன் பொருளைச் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். என் தகப்பனார் பயன் சொன்னவர். அவருக்குப் பிறகு நான் சொன்னேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூட அதிபர் ஒரு நாள் என்னைத் தேரடியில் மறித்தார்.

"தமிழ் படிப்பிக்க ஆளில்லை. பட்டணத்தில இருந்து வாற ஆசிரியர்மார் பாலம் தாண்டப் பயப்பிடுகினம். நீர் பயன் சொல்லுறனீர்தானே?"

"ஐயா, அது கோயில்."

"ரெண்டு இடத்திலயும் பாட்டுத்தானே. கோயில்ல கிழடுகள் நித்திரை கொள்ளும். இங்க பெடியள் நித்திரை கொள்ளுவாங்கள். வேற வித்தியாசம் இல்லை. சம்பளமும் இல்லை. வருவீரோ?"

"வாறன் ஐயா."

இப்படித்தான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் வாத்தியார் ஆனேன். முதல் பாடம் உவமை.

புத்தகத்தில் மயில், குயில், சிங்கம் என்று நிறைய இருந்தன. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தார்கள். நான் கேட்டேன்: "சிங்கம் கண்டனீங்களோ?"

"இல்லை சேர்."

"மயில்?"

"கோயில் வாகனத்தில இருக்கிற மயில் கண்டனாங்கள் சேர். ஒரு கால் உடைஞ்சு போச்சு."

"அப்ப ஏன் காணாததைச் சொல்லுறியள்? கண்டதை, கேட்டதைச் சொல்லுங்கோ. ஆனால் ஒண்டு. எந்த ரெண்டைப் பொருத்தினாலும் ரெண்டுக்கும் பொதுத்தன்மை என்னெண்டு நான் கேட்பன். பொதுத்தன்மை இல்லாட்டி அது உவமை இல்லை, புளுகு."

பயன் சொல்லும்போது நான் பழகிய வழி இதுதான். இன்னது இன்னதைப் போல் என்று பாட்டில் வந்தால், எதனால் என்று சனத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கிற கிழவர் ஒருவர் இருமுவார்.

பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். ஹெலிகொப்டர் வருவது அம்மா தையல் மெசின் மிதிக்கிற மாதிரி. பொதுத்தன்மை? விடாமல் கடகடக்கும் சேர். கடலிலிருந்து அடிக்கிற ஷெல் தலைக்கு மேலால் போவது பட்டுச்சீலை கிழிகிற மாதிரி. பொதுத்தன்மை? கிழிகிற சத்தம் முடிய முதல் அழுகை வரும் சேர். இதைச் சொன்னவன் பகிடியாகத்தான் சொன்னான். வகுப்பு சிரித்தது.

"சேர் பங்கருக்குள்ள பாயிறது தவளை மாதிரி," என்றான் முன்வாங்கில் இருந்த குண்டன்.

"பொதுத்தன்மை?"

"ரெண்டிலயும் வயிறுதான் முதல்ல போகும் சேர்."

நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்க முன்னம் பட்டுச்சீலை கிழிந்தது.

பதுங்குகிற பங்கர் குழி வேலியோரம் இருந்தது. அதுவரை ஓட நேரமில்லை. "விழுங்கோ! விழுங்கோ!" என்று கத்தினேன். கூரையோடுகள் எங்கள் முதுகில் கொட்டின. புழுதி அடங்கியபோது, தவளை என்று சொன்ன பிள்ளையின் காதுமடல் அறுந்து கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. "சேர், ஏன் எல்லாரும் என்னைப் பாக்கினம்?" என்று கேட்டான். என் சால்வையால் தலையைச் சுற்றிக் கட்டினேன். சால்வை உடனே நனைந்து என் விரல்களில் ஒட்டியது.

ஷெல் விழுந்தது பக்கத்து வளவில். அங்கே கட்டியிருந்த பசுமாடு இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வேலி விழுந்த இடத்தால் எட்டிப் பார்த்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை மெல்லச் சொன்னாள்:

"திறந்து வைச்ச சூட்கேஸ் மாதிரி இருக்கு சேர்."

"வாயைப் பொத்து!" என்று உறுக்கினேன்.

"பொதுத்தன்மை இருக்கு சேர். உள்ள இருக்க வேண்டியதெல்லாம் மடிப்புக் குலையாமல் தெரியுது."

அவள் பகிடி விடவில்லை. மாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையை நான் கவனித்தேன். புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் ஒரே மகள் அவள். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டாள். சொன்னால் அதை அசைக்க ஏலாது.

பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது சரஸ்வதி பூசை வந்தது. உருவகம் படிப்பிக்க அது எனக்கு வசதியாய்ப் போயிற்று. மேசையில் வெற்றிலை வைத்து, மஞ்சளைக் குழைத்துக் கூம்பாய்ப் பிடித்து, அறுகம்புல் குத்தினேன்.

"இது என்ன?"

"பிள்ளையார் சேர்."

"பிள்ளையார் போலவோ?"

வகுப்பே சிரித்தது. "இல்லை சேர், பிள்ளையார்!"

"தும்பிக்கை எங்கை? வயிறு எங்கை? ஒண்டும் இல்லையே. அப்பவும் போல எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையார் எண்டியள். அதுதான் உருவகம். உவமையில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிற்கும். உருவகத்தில ரெண்டும் ஒண்டாய்ப் போயிடும்."

எனக்கே என் விளக்கம் பிடித்துப் போயிற்று. புத்தகத்தை மூடப் போனேன். அந்தப் பிள்ளை எழும்பினாள்.

"ஆர் சொன்னால் அது பிள்ளையார் ஆகும் சேர்?"

"ஐயர் மந்திரம் சொன்னால்."

"எங்கடை வீட்டுக்கு ஐயர் வாறேல்லை. அம்மாதான் பிடிச்சு வைக்கிறவ."

முன்வரிசைக் கிழவர் இருமுவது போல எனக்கு இருந்தது. யோசித்துவிட்டுச் சொன்னேன்: "கும்பிடுறவை மனசால ஒத்துக்கொண்டால் ஆகும் பிள்ளை. ஒத்துக்கொள்ளாட்டி அது மஞ்சள்தான்."

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு இருந்தாள்.

மாரி மழைக்கு முன்னம் அவளுடைய வீட்டுக் கூரை ஷெல் துண்டு பட்டுச் சரிந்தது. தகப்பன் பனஞ்சலாகை எடுக்க எழுவைதீவுக்குப் போனார். அங்கே மரம் மலிவு. படகில் இன்னும் சிலரும் போனார்கள். மரத்தோடு திரும்பி வரும்போது கடற்படைப் படகு ஒன்று அவர்களைக் கண்டுவிட்டது.

படகை வேறு தோணிக்காரர் கட்டி இழுத்து வந்து இறங்குதுறையில் சேர்த்தார்கள். நானும் தூக்கப் போனேன். படகின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர், அது தண்ணீர் நிறத்தில் இல்லை. அதற்குள் சலாகைகளும் மனிதர்களும் குறுக்கும் மறுக்குமாய்க் கிடந்தார்கள். ஒருவரைத் தோளில் பிடித்துத் தூக்கினேன், கை தனியாக வந்தது. நான் அதைக் கீழே போடவில்லை. கரைக்குக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் சரியான பக்கமாக வைத்தேன்.  மொய்க்கிற இலையான்கள் எங்களுக்கு முந்தியே வந்துவிட்டன.

அந்தப் பிள்ளையின் தகப்பன் படகில் இல்லை.

உயிரோடு வந்தவர் படகோட்டி ஒருவர்தான். தொடையில் வெடி. அவர் பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா என்றால் அந்தத் தகப்பனின் தமையன், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள மனிதர்.

"வட்டம் அடிச்சு வட்டம் அடிச்சுச் சுட்டவங்கள் அண்ணை. மற்றவை உள்ளுக்கையே விழுந்திட்டினம். உங்கடை தம்பி எழும்பி ரெண்டு கையையும் தூக்கினவர். கடலுக்குள்ளை போனதைக் கண்டனான். வெளியால வந்ததைக் காணேல்லை."

"வெடி பட்டதோ?"

"அது தெரியாது அண்ணை."

அந்தத் 'தெரியாது'தான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம். பெரியப்பா கரை கரையாய்ச் சைக்கிளில் திரிந்தார். ஒதுங்கிய உடல்களை எல்லாம் புரட்டிப் பார்த்தார். மீன் தின்ற முகங்களுக்குக் கிட்டக் குனிந்து, பல்லைப் பார்த்தார். தம்பிக்கு முன்பல்லில் ஒரு உடைவு இருந்ததாம். கிடைக்கவில்லை. வாரங்கள் போயின. மனிதர் ஒரேயடியாய் நரைத்துவிட்டார்.

உடல் கிடைக்காவிட்டால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தர்ப்பைப் புல்லால் ஆளின் உருவம் கட்டி, தலைக்குத் தேங்காய் வைத்து, வேட்டி சுற்றி, அதையே இறந்தவராய் நினைத்து எல்லாக் கிரியையும் செய்து எரிப்பது. அது நடக்காவிட்டால் உயிர் வழி தெரியாமல் அலையும் என்பார்கள். நான் அதை நம்பினவன். இன்றும் நம்புகிறேன். பெரியப்பா நாள் குறித்தார். தம்பியின் மனைவி மறுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "செய்யிறதெண்டால் செய்யுங்கோ" என்றாவாம். பிள்ளைதான் மாட்டன் என்று நின்றாள்.

பெரியப்பா பள்ளிக்கூட வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், அந்தப் பெட்டைக்கு நீர் ஒருக்காச் சொல்லும். உம்மடை கதை கேட்பாள்."

"சின்னப்பிள்ளை அண்ணை. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே?"

"என்ரை தம்பி கடலுக்குள்ள கிடந்து தண்ணி தண்ணி எண்டு கத்துறது எனக்குக் கேட்குது. உமக்குக் கேட்குதோ?"

நான் போய்ப் பிள்ளையைக் கிணற்றடியில் கண்டேன். செய்யத்தான் வேணும், அப்பாவின் ஆத்மாவுக்கு நல்லது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புல்லு அப்பா போலவோ சேர், அப்பாவோ?"

"கிரியைக்கு அது அப்பாதான் பிள்ளை."

"அப்ப எரிக்க முன்னம் அம்மாவின்ரை தாலியைக் கழட்டுவினம்."

"ஓம்."

"பொட்டை அழிப்பினம்."

"அதுதான் வழக்கம் பிள்ளை."

"அப்பா நாளைக்கு வந்தால்? இந்தியாப் படகுக்காரர் ஆரும் ஏத்திக்கொண்டு போயிருந்தால்? வந்து அம்மாவைப் பாத்திட்டுத் தான் செத்துப் போனதெண்டு நினைக்கிறதோ?"

 அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது தண்ணீர் தளம்பி அவள் பாவாடையை நனைத்தது. குழந்தைப்பிள்ளை, பன்னிரண்டு வயது.

கிரியை நாள் காலை, முற்றத்தில் பந்தல். பறை முழங்கியது. பெண்கள் வட்டமாய் இருந்து ஒப்பாரி சொன்னார்கள். குருக்கள் வாழையிலையில் தர்ப்பையைக் கட்டிக் கட்டி ஆள் நீளத்துக்குக் கிடத்தினார். கை, கால், நெஞ்சு. தேங்காயைத் தலையாய் வைத்துத் திருநீறு பூசினார். அந்த மனிதர் கோயிலுக்கு உடுத்துகிற வேட்டியை அதற்குச் சுற்றியபோது பெரியப்பா வாய்விட்டு அழுதார். "என்ரை ராசா, என்ரை ராசா" என்று புல்லின் காலைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது தம்பிதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நான் தேவாரம் பாடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் உரலில் கிரியைக்குச் சுண்ணப்பொடி இடித்துக்கொண்டிருந்தார்கள்.

தாயை இரண்டு பெண்கள் அணைத்துக் கூட்டி வந்தார்கள். ஒருத்தி அவவின் கழுத்துக்குக் கையைக் கொண்டு போனாள்.

பிள்ளை எந்தப் பக்கத்தால் வந்தாள் என்று நான் காணவில்லை. உரலடியில் நின்றவரின் கையிலிருந்து உலக்கையைப் பறித்தாள். அது அவளைவிட உயரம். தூக்கித் தேங்காயில் போட்டாள். முதல் அடி வழுக்கி இலையைக் கிழித்தது. இரண்டாவது அடியில் தேங்காய் சிதறி, அதன் தண்ணீர் குருக்களின் முகத்தில் தெறித்தது. அவள் நிறுத்தவில்லை. நெஞ்சு, வயிறு, கால் என்று இடித்தாள். புல் பறந்தது. ஒப்பாரி நின்று ஓலம் எழும்பியது.

"அடியே! கொப்பரையடி! பெத்த தகப்பனையடி அடிக்கிறாய்!" என்று பெரியப்பா பாய்ந்தார்.

கன்னத்தில் விழுந்த அறையில் அவள் உரலில் போய் மோதினாள். மயிரில் பிடித்துத் தூக்கித் திரும்பவும் அறைந்தார். வாயால் இரத்தம் வந்து சட்டையில் வடிந்தது. நான் அவருடைய கையைப் பிடித்தேன். உதறியதில் நான் பந்தல் காலோடு விழுந்தேன். அவர் காலைத் தூக்கினார். அவள் விலகவில்லை. விழுந்த இடத்தில் முழங்காலில் எழும்பி நின்று, இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாள்:

"இது அப்பாவெண்டால் நான் இப்ப அப்பாவைக் கொன்றுபோட்டன்! நேவிக்காரனைத் திட்டுறியள்தானே, என்னையும் திட்டுங்கோ. பிடிச்சுக் கட்டுங்கோ. இல்லாட்டி இது தேங்காய். எடுத்துக் கறிக்குத் துருவுங்கோ. நான் ஒத்துக்கொள்ளேல்லை. அம்மாவின்ரை கழுத்தில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!"

'ஒத்துக்கொள்ளேல்லை' என்றபோது அவள் என்னைப் பார்த்தாள்.

பெரியப்பாவின் கால் அந்தரத்தில் நின்றது.  சிதறிய தேங்காய்த் துண்டு ஒன்றைக் காகம் கொத்திக்கொண்டு போயிற்று. அதையும் எல்லாரும் கண்டார்கள்.

தாய் அந்தப் பெண்களின் கையை விலக்கிக்கொண்டு வந்தா. மகளுக்கு மேலே கவிழ்ந்து படுத்தா. "காணும், நிப்பாட்டுங்கோ," என்றா. "அவள் சொல்லுறாள்தானே. காணும்."

குருக்கள் முகத்தைத் துடைத்துவிட்டு, "பெத்த பிள்ளை மறுக்கிற இடத்தில என்னால மந்திரம் சொல்ல ஏலாது," என்று சொல்லித் தர்ப்பை முடிச்சுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். பறைக்காரர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பா தம்பியின் வேட்டியை எடுத்து மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் பாராமல் வேலிப் படலையைக் கடந்தார்.

நடந்தது இவ்வளவும்தான். இதில் எங்கே அம்மன் ஆடினாள்?

மறுநாள் அவள் வீங்கிய வாயோடு வகுப்புக்கு வந்தாள். "இண்டைக்கு என்ன பாடம் சேர்?" என்றாள். வார்த்தை குழறியது. உருவகத்தில் இன்னும் பயிற்சி மிச்சம் இருந்தது. நான் கடிதம் எழுதப் படிப்பித்தேன்.

ஊர் அந்தத் தாயைச் சும்மா விடவில்லை. மங்களகாரியங்களில் ஆராத்திக்குக் கூப்பிடமாட்டார்கள். சாவீட்டில் விதவைகளோடும் இருத்தமாட்டார்கள். "கடலுக்கெல்லோ பொட்டு வைக்கிறா" என்று பின்னால் கதைப்பார்கள். அவ குங்குமத்தை இன்னும் பெரிதாக வைத்தா. பிள்ளை என்னிடம் தகப்பனின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டாள். மாதாமாதம் கோயிலில் அந்த நட்சத்திரத்துக்கு, உயிரோடு இருக்கிற ஆளுக்குச் செய்கிற மாதிரி அர்ச்சனை செய்வித்தேன். செய்யும்போதெல்லாம் பெரியப்பா சொன்ன 'தண்ணி தண்ணி' காதில் கேட்கும். பிழை என்றால் என்மேல் இருக்கட்டும் சுவாமி என்று சொல்லிவிட்டுத் திருநீறு வாங்குவேன்.

தொண்ணூறில் ஆமி தீவுப்பகுதியில் இறங்கியது. ஷெல் மழைக்குள்ளால் ஊரோடு வெளிக்கிட்டோம். நடக்க ஏலாதவர்களை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் மடத்தில் பல குடும்பங்களாய்ச் சீலை கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்தோம். அந்தத் தாயும் மகளும் எங்களுக்கு அடுத்த சீலை. பெரியப்பா இன்னொரு மூலையில் இருந்தார். ஒரே கிணற்றில் அள்ளினார்கள், பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்காகத் தாய் தாலிக்கொடியை விற்றா. தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டா.

அங்கே சில வருடங்கள் கழிந்தன. பிள்ளை வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். ஒரு பகல், தாய் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போது பொம்பர் விமானம் வந்தது.

வரிசை நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. வைத்தியசாலைப் பிணவறையில் நானும் பிள்ளையும் தேடினோம். சீமெந்து நிலத்தில் வரிசை வரிசையாய்க் கிடத்தியிருந்தார்கள். பலருக்கு முகமில்லை. நான் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் ஒவ்வொரு கழுத்தாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் ஒரு கழுத்தில், இரத்தம் ஊறிக் கறுத்த கயிறு இருந்தது. அவள் கயிற்றைப் புரட்டித் தாலியைப் பார்த்தாள்.

"அம்மா சேர்," என்றாள்.

கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்கவில்லை. அவளிடம் உவமை எதுவும் வரவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

மடத்துக்குத் திரும்பும்போது அவள் நடுவழியில் நின்றாள்.

"குருக்களிட்டைச் சொல்லுங்கோ சேர், தர்ப்பையும் எடுக்கச் சொல்லி."

"ஆருக்குப் பிள்ளை?"

"அப்பாவுக்கு."

"இப்ப ஏன் பிள்ளை?"

"அம்மா தாலியோடை போறா சேர். இனி ஆரின்ரை கழுத்தில கை வைப்பினம்?"

பெரியப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பாயில் இருந்தவர் எழும்பி, உரப்பைக்குள் கையை விட்டு ஒரு வேட்டியை எடுத்தார். அதே வேட்டி. ஷெல் மழைக்குள் என்னென்னவோ விட்டுவிட்டு ஓடிய மனிதர், அதை விடவில்லை.

சுடலையில் தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் தர்ப்பை உருவம் கிடந்தது. எங்கள் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. அவள் வந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை. தேங்காயை அவள்தான் வைத்தாள். நித்திரையாய் இருக்கிற ஆளின் தலையைத் தலையணையில் வைப்பது போல, இரண்டு கையாலும் ஏந்தி வைத்தாள். பெரியப்பா கொள்ளியோடு கிட்ட வந்து நின்றார். 

"செய்யட்டோ பிள்ளை?"

"செய்யுங்கோ பெரியப்பா."

"உனக்கு இது..." என்று தேங்காயைக் காட்டினார்.

"அப்பாதான்," என்றாள்.

நெருப்பு பிடித்தபோது திரும்பவும் பொம்பர் சத்தம் கேட்டது. எல்லாரும் நிலத்தில் விழுந்தோம். வாயில் சுடலைச் சாம்பல். எங்கேயோ கிட்டத்தில் குண்டு விழுந்து நிலம் என் நெஞ்சில் இடித்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா அவள் காலடியில் குப்புறக் கிடந்து, அவளுடைய கணுக்காலைப் பிடித்திருந்தார். இழுத்து விழுத்தப் பிடித்தாரோ, வேறு எதற்கோ, நான் கேட்கவில்லை. அன்று பின்னேரம்தான் அவர் என் கையைப் பிடித்து, "நான் இருக்கும் மட்டும் அந்த முற்றத்துக் கதையைச் சொல்லாதேயும் மாஸ்டர்" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை இப்போது தூர தேசத்தில் குடும்பமாய் இருக்கிறாள். பெரியப்பாவின் சாவுக்குப் பிறகு தொலைபேசியில் கேட்டேன். "எழுதுங்கோ சேர். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றாள்.

வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். பிள்ளை குட்டிகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் கிடக்கிறபடியே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையில் தெய்வத்தை ஏற்றாதீர்கள். அவள் வாயில் வந்த இரத்தம் அவளுடையது. பெரியப்பாவைக் கொடியவர் ஆக்காதீர்கள். கரை கரையாய்ப் பல்லைப் பார்த்துத் திரிந்த மனிதர் அவர். தகப்பனைக் கரையேற்றாதீர்கள். ஏறியிருந்தால் நான் எழுதியிருப்பேன். தேங்காயைப் பிளந்தது உலக்கை. உலக்கையைப் பிடித்தது ஏழாம் வகுப்புப் பிள்ளை. அப்படியே சொல்லுங்கள். சிவசிவ.